யாழ்ப்பாண நகர வளர்ச்சியில் கலை, பண்பாட்டு நிறுவனங்களின் பங்கு: நல்லூர் முதல் புல்லுக்குளம் வரை

யாழ்ப்பாண நகரின் வளர்ச்சியைக் கோட்டை, துறைமுகம், புகையிரதப் பாதை ஆகியவற்றைக் கொண்டு விளக்குவது வழக்கம். கோயிலும் கூத்தரங்கும் நூலகமும் அந்நகருக்கு எவ்வாறு வடிவம் கொடுத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மக்கள் முயற்சியில் தொடங்கி, உள்ளூராட்சியின் பொறுப்பில் வளர்ந்த பண்பாட்டு நிறுவனங்கள் பேரழிவையும் தாங்கி நிற்கின்றன என்பதே இதன் வாதம்.

இரட்டை மையம்

யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகரான நல்லூரின் நாற்றிசையிலும் கோயில்கள் காவலாக அமைந்தன: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். 1619இல் இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தபின் ஆட்சி மையம் கரையோரத்துக்கு மாறியது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் இடிக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், கோயில் மீண்டும் எழுந்தது. அதனால் நிருவாகமும் வணிகமும் கோட்டைப் பக்கம், விழாவும் வழிபாடும் நல்லூர்ப் பக்கம் என நகருக்கு இரு மையங்கள் வாய்த்தன. இன்றும் 25 நாள் மகோற்சவத்தின்போது கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனங்கள் மறிக்கப்பட்டு மணல் பரப்பப்படுகிறது. அங்கப்பிரதட்டை செய்வோரும் காவடி எடுப்போரும் அந்த மணலில் செல்ல, சற்று அப்பால் கடைகள் வரிசையாக முளைக்கின்றன. மாநகரசபையின் அந்த மாத வேலைத்திட்டத்தைத் திருவிழாவே வகுக்கிறது.

கரையோரக் கூத்து

குருநகர், பாசையூர் போன்ற கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடியிருப்புகளில் தென்மோடி நாட்டுக்கூத்து தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டது. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அம்மரபை நகரின் பொது அரங்குக்குக் கொண்டுவந்தது.

பொதுநூலகம்

நீதிமன்ற அலுவலரான க. மு. செல்லப்பா 1933இல் தம் வீட்டில் தொடங்கிய முயற்சி, 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு நூலகமாயிற்று. மறு ஆண்டே நகரசபை அதைப் பொறுப்பேற்றது. 1950களில் சாம் சபாபதி முதலியோரின் முன்னெடுப்பில் களியாட்ட விழா நடத்திக் கட்டட நிதி திரட்டினர். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த திராவிடப் பாணிக் கட்டடம் 1959 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அக்கட்டடம் அமைந்த, முற்றவெளித் திடலை அண்டிய பகுதி நகரின் அறிவு மையமாக மாறியது இதன்பின்னரே. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1984இல் ஒரு பகுதி மீண்டும் இயங்கியது; போரில் சேதமுற்று, 2000களின் தொடக்கத்தில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது.

பண்பாட்டு மையம்

நூலகத்துக்கு அருகில், புல்லுக்குளத்தை ஒட்டி, இந்திய நன்கொடையில் யாழ்ப்பாணப் பண்பாட்டு மையம் எழுந்தது. 2015இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2023 பெப்ரவரி 11இல் மக்களிடம் கையளிக்கப்பட்ட இம்மையத்தில் 600 இருக்கைகள் கொண்ட அரங்கும் அருங்காட்சியகமும் உண்டு. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது ‘யாழ்ப்பாணம்’ விடுபட்டதற்கு எதிர்ப்பு எழுந்தது. பின்னர் ஊர்ப்பெயரும் சேர்க்கப்பட்டது. கட்டடத்தைத் தமதாகக் கருதும் உணர்வு மக்களிடம் இருப்பதற்கு அதுவே சான்று.

முடிபு

நூலகத்துக்கு முதலில் வாசகர் வந்தனர். கட்டடம் கால் நூற்றாண்டு கழித்தே வந்தது. பண்பாட்டு மையத்துக்கோ கட்டடம் முந்திவிட்டது. பாசையூர்க் கூத்தருக்கும் பாடசாலை நாடகக் குழுக்களுக்கும் கட்டுப்படியாகும் வாடகை, மாநகரசபை பாதீட்டில் நிரந்தர ஒதுக்கீடு, முகாமைத்துவத்தில் கலைஞருக்கு இடம் ஆகிய மூன்றும் உறுதியானால் அந்த இடைவெளி அடைபடும். நகரத் திட்டமிடலில் வடிகாலுக்கும் வீதிக்கும் தரும் கவனத்தைக் கலைக்கும் தருவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அதன் வரலாற்றுக்கு உரியதுதான்.