தேநீர்: மருந்தும் பானமும்

வைகறையில் துயிலெழுந்ததும் இலங்கை மக்களிற் பலர் முதலில் நாடுவது தேநீரையே. அன்றாடப் பானமாகிவிட்ட இத்தேநீர் ஒரு காலத்தில் மருந்தாகவே மதிக்கப்பெற்றது.

யப்பானிய பௌத்த துறவியாகிய எய்சாய் என்பார், தேநீரால் உடல்நலம் பேணும் முறையை விளக்கி 1211ஆம் ஆண்டில் நூலொன்று இயற்றினார். மதுமயக்கத்தால் நலிவுற்ற ஷோகுன் சனெதோமோவுக்கு 1214இல் அவர் தேநீரையே மருந்தாக அளித்தார். ஐரோப்பாவிலும் அவ்வாறே. சாமுவேல் பெப்பிஸின் மனைவி 1667இல் தடிமனுக்குத் தேநீர் அருந்தியது, மருந்து வணிகர் ஒருவரின் சொற்கேட்டேயாம். 1756இலோ யோனாஸ் ஹான்வே என்பார், தேநீர் உடலைக் கெடுக்குமென்று கடிந்தெழுதினார். தேநீர்ப் பிரியரான அறிஞர் சாமுவேல் ஜோன்சன் அதனை மறுத்துரைத்தார். ஒருவர் அமுதென்றார், மற்றவர் நஞ்சென்றார். அளந்து பார்த்தவர் எவருமிலர்.

இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர், லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை நாளடைவில் அழித்தொழிக்க, மலைநாடெங்கும் தேயிலை பரவிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பே அதனை வளர்த்தது. கொழுந்து பறித்த பெண்களின் எளிய உணவுக்கும் தேநீரே துணையாயிற்று.

அத்துணையில் ஒரு தீங்கும் மறைந்திருந்தது. தென்னாபிரிக்காவில் இந்திய வமிசப் பெண்களிடையே ஆராய்ந்த மருத்துவர்கள், உணவோடு அருந்தும் தேநீர், அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கின்றது என 1975இல் வெளியிட்டனர். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு பிணைந்துகொள்வதே இதற்குக் காரணம். கீரையும் பருப்பும் உண்டு வாழ்வோரையே இது பெரிதும் தாக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தச்சோகை தோன்றும்; கருவுற்ற தாய்க்கோ அது உயிருக்கே ஊறாகலாம்.

இதனால் தேநீரை வெறுத்தொதுக்க வேண்டுவதில்லை. கொதித்த நீரிற் பிறப்பதாதலின், தூய நீர் அரிதாகிய இடங்களில் அது காவலுமாகும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விடுதல் நன்று. உணவோடு தேசிக்காய்ச் சாறு சேர்ப்பின், இரும்புச்சத்து எளிதில் உடலிற் சேரும். எய்சாய் கண்ட மருந்தும் ஹான்வே அஞ்சிய நஞ்சும் ஒரே கோப்பையில் உள்ளன. அருந்தும் வேளையே அவற்றைப் பிரிக்கின்றது.