பொது நிர்வாகம் படித்த கதை

சென்ற மாதம் ஓய்வூதியர் நேர்காணலுக்காகக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால், ஒரே பிரிவில் என்னோடு வேலை பார்த்த நண்பர் நின்றிருந்தார். அவருடைய பேத்தி பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.ஏ. பொது நிர்வாகம்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். "நீதான் அதுல எம்.ஏ. ஆச்சே. அதைப் படிச்சு உனக்கு என்னய்யா பிரயோஜனம்? ஒரு புரமோஷன்கூட அதால வரலையே" என்றார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் தோன்றியது. அது கொஞ்சம் நீளமான பதில்.

நான் 1978-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். 'டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் மேனுவல்', 'அக்கவுண்ட் டெஸ்ட்' என்று துறைத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறி, உதவியாளர் ஆனேன். 1987-ல் மத்தியத் தேர்வாணையம் ஐ.ஏ.எஸ். தேர்வில் பொது நிர்வாகத்தைத் தனி விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தது. புத்தகக் கடைகளில் எங்கு பார்த்தாலும் அந்தப் பாடத்தின் கைடுகள்தான். எனக்கு ஐ.ஏ.எஸ். எழுதும் வயது கடந்துவிட்டது. இருந்தாலும் நாள் முழுக்கச் செய்கிற வேலைக்கு ஒரு படிப்பே இருக்கிறது என்பது ஆச்சரியமாக இருந்தது. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்தேன்.

பாடங்கள் தபாலில் கட்டுக்கட்டாக வரும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிப்பேன். நேர்முக வகுப்புகளுக்கு மாயவரம் ஜங்ஷனில் பாசஞ்சர் பிடித்துத் திருச்சி போவேன். வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள்தான்.

முதலில் படித்தது இந்தப் படிப்பின் வரலாறு. அதில் நம் சென்னைக்கு இவ்வளவு பங்கு உண்டு என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

நிர்வாகம் செய்ய வருகிறவனுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் சென்னையில் 1812-லேயே வந்துவிட்டது. எல்லிஸ் துரையின் முயற்சியால் அந்த ஆண்டு சென்னைக் கல்விச் சங்கம் என்னும் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கும் இளம் துரைமார்கள் அங்கே தமிழும் தெலுங்கும் படித்தார்கள். நுங்கம்பாக்கத்தில் டி.பி.ஐ. வளாகம் இருக்கும் தெருவுக்குக் கல்லூரிச் சாலை என்ற பெயர் அந்தக் கல்லூரியால் வந்ததுதான். குறளுக்கு உரை எழுதியவர், சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டியவர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு 40 ஆண்டு முன்பே, 1816-ல் எழுதியவர் இந்த எல்லிஸ். மனு கொடுக்க வருகிறவன் பேசுவது அதிகாரிக்குப் புரிய வேண்டும். அன்றைய பாடத்திட்டத்தின் அடிப்படை அதுதான்.

அடுத்த கட்டம் தேர்வு. அதுவரை சிபாரிசில் வந்த சிவில் சர்வீஸ் பதவிகள் 1855 முதல் லண்டனில் நடந்த போட்டித் தேர்வு வழியாக நிரப்பப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான், பிரிட்டனின் உள்நாட்டு அரசுப் பணிகளுக்கும் தகுதி பார்த்தே ஆள் எடுக்க வேண்டும் என்று நார்த்கோட், டிரெவெல்யன் ஆகிய இருவரும் அறிக்கை கொடுத்திருந்தார்கள். இந்த டிரெவெல்யன் 1859-ல் நம் சென்னைக்கே கவர்னராக வந்தார். கல்கத்தா அரசு கொண்டுவந்த வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்தார் என்று அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். அரசு ஊழியர் எப்படி இருக்க வேண்டும் என்று அறிக்கை எழுதியவருக்கே வேலை போனதைப் படித்தபோது, திருச்சி வகுப்பில் எல்லோரும் சிரித்தோம்.

அந்தத் தேர்வில் கிரேக்கம், லத்தீன், கணிதம் இவற்றுக்குத்தான் மதிப்பு. நிர்வாகம் என்று ஒரு பாடம் கிடையாது. 1887-ல் உட்ரோ வில்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், நிர்வாகத்தைத் தனியாக ஆராய்ந்து கற்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர் இவர்தான். இந்தப் பாடம் படிக்கிற எவரும் முதல் நாள் கேட்கும் பெயர் அது. 1926-ல் எல்.டி. ஒயிட் இதற்கு முதல் பாடநூலை எழுதினார். பதினோரே ஆண்டுகளில், 1937-ல், சென்னைப் பல்கலைக்கழகம் பொது நிர்வாகத்தில் டிப்ளமோ தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். பிறகு நாக்பூரில் தனித் துறை வந்தது. பால் ஆப்பிள்பி என்ற அமெரிக்க நிபுணர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1954-ல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் வந்தது. அதன் முதல் தலைவர் நேரு.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பல நூற்றாண்டுகள் பெயரளவில் மட்டும் தெரிந்த நூலாக இருந்தது. 1905-ல் ஓலைச்சுவடி ஒன்று மைசூர் நூலகத்துக்கு வந்தது. அதைப் படித்து அடையாளம் கண்டு, 1909-ல் அச்சிட்டவர் அந்த நூலகத்தில் இருந்த சாமா சாஸ்திரி. சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தவர் நம் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர். அரசுப் பணத்தை அதிகாரிகள் கையாடும் வழிகள் 40 என்று அதில் பட்டியலே இருக்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. 30 குடும்புகள், குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது, அவனுடைய உறவினரும் வரக்கூடாது என்ற விதிதான் எம்.ஏ. படிக்கும்போது என்னை நிறுத்தியது. கணக்குக் காட்டுவதுதான் நிர்வாகத்தின் முதல் கடமை என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

நம் மாவட்ட அலுவலகங்கள் டாட்டன்ஹாம் முறையில் நடப்பவை. அந்தப் பெயருடைய வெள்ளைக்கார அதிகாரி வகுத்துத் தந்தது. தபால் வந்தால் முத்திரை, பகிர்மானப் பதிவேடு, அங்கிருந்து எழுத்தரின் தன் பதிவேடு. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு எண், அது எங்கே நிற்கிறது என்று ஒரு வரி. வேலை முடிந்தால் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று, எத்தனை ஆண்டு பாதுகாக்க வேண்டுமோ அதற்கேற்ப முடிவு. மாதம் ஒருமுறை நிலுவைப் பட்டியல். காகிதம் காணாமல் போகக்கூடாது, தாமதம் மறைந்து போகக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல முறை. என் தன் பதிவேடு படு சுத்தமாக இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் கண்காணிப்பாளர் என்னுடையதைத்தான் எடுத்துக் காட்டுவார்.

1986 கடைசியில் எங்கள் அலுவலக இரவுக் காவலர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கித் தர வேண்டும். அந்தக் காகிதம் என் இருக்கைக்கு வந்தது. முதல் தடவை, புகைப்படத்தில் சான்றொப்பம் இல்லை என்று திருப்பினேன். இரண்டாவது தடவை, வாரிசுச் சான்று இல்லை என்றேன். மூன்றாவது தடவை பெயர் வேறுபாடு. கணவரின் பணிப்பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயருக்கு முன்னால் 'மகா' இருந்தது. வாரிசுச் சான்றில் 'மகா' இல்லை.

இதில் பணிப்பதிவேடு முதல் நாளே என்னிடம் இருந்தது. மூன்று குறைகளையும் ஒரே கடிதத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு குறையைச் சொல்லிக் காகிதத்தைத் திருப்பிவிட்டால், அந்த எண் என் பதிவேட்டில் முடிந்துவிடும். மறுபடி வந்தால் புது எண். என் மாதாந்திரப் பட்டியலில் 'ஆறு மாதத்துக்கு மேல் நிலுவை: இல்லை' என்றுதான் இருக்கும். 14 மாதத்தில் அந்த ஒரு விஷயத்துக்கு நாலு எண்கள்.

பெயர் வேறுபாட்டுக்குச் சான்று வாங்க அந்த அம்மா கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது நினைவிருக்கும். பரம்பரைக் கர்ணத்திடம் ஆயிரம் குறை உண்டு. ஆனால் யார் வீட்டுப் பெண்ணுக்கு என்ன பெயர் என்பது அவருக்குத் தெரியும். புதிதாக வந்தவர் தேர்வு எழுதி வெளியூரிலிருந்து வந்தவர், ஊருக்கு வந்தே மூன்று மாதம்தான் ஆகிறது. "எனக்கு எப்படிம்மா தெரியும்? தாசில்தார்கிட்ட போங்க" என்றாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் அந்த அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, எங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். சத்தம் போட்டதே இல்லை.

1988 தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, நிர்வாகக் கோட்பாடுகள் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மாக்ஸ் வெபர் முடிந்து, ராபர்ட் மெர்ட்டன் வந்தார். 1940-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது. விதிகள் ஒரு நோக்கத்துக்காக ஏற்படுகின்றன. நாளாக ஆக, ஊழியனுக்கு நோக்கம் மறந்து விதியே நோக்கமாகிவிடுகிறது. ஒழுங்காக வேலை செய்கிறவனுக்குத்தான் இந்த நோய் அதிகம் பிடிக்கும் என்ற பொருளில் போகும். பென்சிலால் கோடு போட்டேன். கோடு போட்ட பிறகுதான் அந்த வராந்தா பெஞ்ச் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் அன்று படிப்பு ஓடவில்லை. கௌடில்யரின் 40 வழிகளில் ஒன்றுகூட என்னுடையதல்ல. ஒரு பைசா லஞ்சம் வாங்கியவனல்ல. என் பதிவேட்டிலும் குறை கிடையாது. ஆனாலும் ஒரு குடும்பம் 14 மாதம் வருமானமில்லாமல் இருந்ததற்கு நான்தான் காரணம்.

அன்று அலுவலகம் போனதும் நாலு எண்களையும் ஒரே கோப்பாகச் சேர்த்தேன். அந்த அம்மாவை அலையவைக்காமல் நாமே தாசில்தாருக்கு எழுதி விசாரணை அறிக்கை கேட்கலாம் என்று குறிப்பு வைத்தேன். கண்காணிப்பாளர், "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார். மூன்று வாரத்தில் இருவரும் ஒருவரே என்று அறிக்கை வந்தது. கருத்துரு சென்னையில் மாநிலக் கணக்காயருக்குப் போய், ஓய்வூதியம் அனுமதியாகி வந்தது. நிலுவைத் தொகை கணவர் இறந்த தேதியிலிருந்து மொத்தமாகக் கிடைத்தது.

அந்த அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார். பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டேன். பத்தாவது பாதியிலேயே நின்றுவிட்டானாம். சைக்கிள் கடையில் வேலை செய்கிறானாம். பணம் வந்துவிட்டதே, மறுபடி சேர்க்கலாமே என்றேன். "இனிமே எங்க சார், அவன் போமாட்டேங்கறான்" என்றார். நிலுவைத் தொகையில் அது சேராது.

அந்தத் தேர்வில் மெர்ட்டன் பற்றிக் கேள்வி வரவில்லை. நிதி நிர்வாகத் தாளில் ஒருமுறை தவறி, மறுமுறை எழுதித் தேறினேன். இரண்டாம் வகுப்பு. நண்பர் சொன்னது போல, அதனால் பதவி உயர்வு ஒன்றும் வரவில்லை. ஆனால் அதன்பின் ஓய்வு பெறும் வரை, எந்தக் காகிதம் வந்தாலும் எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பினேன். நான் கண்காணிப்பாளர் ஆனபோது தன் பதிவேடு பார்க்கும் நாளில், திருப்பி முடித்த எண்களைத்தான் முதலில் கேட்பேன். பிரிவில் என்னைப் பற்றி நல்ல பேச்சு இருந்திருக்காது.

நேற்று நண்பருக்குப் போன் செய்தேன். பேத்தி அதையே எடுக்கட்டும் என்றேன். சேர்வதற்கு முன் ஒருநாள் அவளை ஏதாவது ஓர் அலுவலக வராந்தாவில், மனுவோடு வந்தவர்களுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். "அதுக்கு எதுக்கு அவ? அடுத்த வருஷ நேர்காணலுக்கு என்னோட வரட்டும்" என்றார்.