உலைச்செங்கல் கம்பெனியில் பிறந்த லேசர்

நியோடிமியம் என்ற அருமண் தனிமம் கலந்த 'யாக்' படிகம், 1964இல் பெல் ஆய்வகத்தில் லேசர் ஒளி தந்தது. யாக் என்பது இட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த பொருள். உருகிய குழம்பிலிருந்து அதை மெல்ல இழுத்து வளர்க்கணும். மணிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. வாரக்கணக்கில் காத்திருக்கணும்.

பொடியாக்கி, அழுத்தி, செங்கல் மாதிரி சுட்டுவிட்டால் என்ன? வெள்ளைப் பீங்கான்தான் வரும். கோடானுகோடிக் குருணைகளின் எல்லைகளில் ஒளி சிதறிவிடும், லேசருக்கு ஆகாது என்றே பலரும் நம்பினார்கள்.

ஜப்பானில் உலைச்செங்கல் தயாரிக்கும் குரோசாகி நிறுவனத்தில் இருந்த அகியோ இகெசுவே 1995இல் அந்த நம்பிக்கையை உடைத்தார். யாக் எல்லாத் திசையிலும் ஒளியை ஒரே மாதிரி வளைக்கும்; குருணைகள் எப்படித் திரும்பிக் கிடந்தாலும் ஒளிக்குக் கவலையில்லை. உண்மையான குற்றவாளி, இடையில் சிக்கிய நுண்துளைகள். தூய பொடியை வெற்றிடத்தில் சுட்டு அவற்றை விரட்டினார். படிகத்துக்குச் சமமான லேசர் கிடைத்தது.

பீங்கானைப் பெரிய பலகையாகவும் சுடலாம். ஜப்பானில் செய்த பத்து சென்டிமீட்டர் பலகைகளை வைத்து, 2007இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம் 67 கிலோவாட்டை எட்டியது. நோக்கம்? ஆயுதம். துளைகளை விரட்டிய கைகளுக்கு, ஒளி எங்கே போகணும் என்று சொல்லும் அதிகாரம் மட்டும் கிடைக்கவில்லை.