மின்சிகரெட்டின் மின்கலம்: பிந்தி வந்த பாதுகாப்பு விதிகளின் வரலாறு

ஒரு பொருளுக்குச் சட்டம் எந்தப் பெயரைச் சூட்டுகிறதோ, அந்தப் பெயருக்குள் அடங்கும் ஆபத்துகளே ஆட்சியாளர்களின் கண்ணில் முதலில் படுகின்றன என்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் மின்சிகரெட் கடந்து வந்த பாதை தெளிவான சான்றாகும். நிகோட்டின் கலந்த நீர்மத்தைச் சிறு கம்பிச் சுருளால் சூடாக்கி ஆவியாக்கும் இக்கருவியில், ஆவியைப் பற்றிய வாதங்கள் நீதிமன்றம் வரை சென்று தீர்ந்த பின்னும், அந்தச் சுருளுக்கு மின்சாரம் தரும் மின்கலத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிய துறை எது என்ற கேள்வி நெடுநாள் விடையின்றிக் கிடந்தது.

இக்கருவியின் கருத்து பழையது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் புகையும் புகையிலையும் அற்ற மின்சிகரெட் ஒன்றுக்கு 1965இல் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் அது சந்தைக்கு வரவில்லை. எடை குறைந்ததும், மீண்டும் மீண்டும் மின்னேற்றக் கூடியதுமான லித்தியம் அயனி மின்கலத்தை 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிகோலிய ஆய்வுகளுக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். சீனாவின் ஷென்யாங் நகரத்து மருந்தியலாளர் ஹான் லிக் 2003ஆம் ஆண்டளவில் உருவாக்கிய மின்சிகரெட், இத்தகைய மின்கலங்கள் எளிதில் கிடைத்த காலத்தில் பிறந்ததால், சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டியது. தொடக்கக் காலக் கருவிகள் சிகரெட்டின் வடிவையும் பருமனையும் ஒத்திருந்தன. மிகுதியான ஆவியை விரும்பிய பயனர்களுக்காக வந்த பெரிய கருவிகள், வழக்கில் ‘மோட்’ எனப்பட்டவை, கழற்றி மாற்றத்தக்க பெரிய மின்கலங்களை ஏற்றன. அவற்றுள் சில வகைகளில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்றே இல்லை. பொத்தானை அழுத்தினால் மின்கலத்தின் முழு ஆற்றலும் நேராகச் சுருளுக்குப் பாய்ந்தது.

அம்மின்கலங்களில் பெரிதும் புழங்கியது 18650 எனப்படுவதாகும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை என்பதே அந்த எண்ணின் பொருள். அதனைக் கையிலெடுத்து உற்று நோக்கினால் ஆபத்தின் இருப்பிடம் புலப்படும். அடிப்பகுதி மட்டுமன்றிப் பக்கங்களும் மேல் விளிம்பும் உட்பட எஃகுக் கூடு முழுவதுமே எதிர்முனையாக அமைய, மேலே நடுவில் உள்ள சிறு தகடு மட்டும் நேர்முனையாக இருக்கிறது. இரண்டையும் பிரித்து வைப்பவை மெல்லிய காப்பு வளையமும் நெகிழி உறையும் மட்டுமே. அவ்வுறை மேல் விளிம்பில் சற்றுக் கிழிந்த நிலையில், சட்டைப் பையில் கிடக்கும் சாவியோ நாணயமோ இரு முனைகளையும் தொட்டுவிட்டால், குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பெரும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் உள்ளிருக்கும் பிரிப்பான் படலம் உருகி, வெப்பம் மேலும் வெப்பத்தைத் தூண்டும் தொடர்வினை தொடங்க, தீப்பற்றக்கூடிய கரிமக் கரைப்பான் கொண்ட மின்பகுளி ஆவியாகி எரிகிறது. கைபேசியிலும் இதே வகை வேதியியல்தான் உள்ளதெனினும், மின்சிகரெட்டின் நீண்ட குழல் வடிவில் முனைகளே வலுக்குறைந்த இடங்களாதலால், கூடு வெடிக்கும்போது மின்கலம் எறிகணையைப் போல் பாய்வதை அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2014இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சுட்டிக்காட்டியது.

அந்நிர்வாகம் 2017இல் வெளியிட்ட மற்றோர் அறிக்கை, 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் பதிவான 195 தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்து, அவற்றில் 133 பேர் காயமுற்றதாகக் கணக்கிட்டது. அவற்றுள் 61 நிகழ்வுகள், கருவியோ மின்கலமோ ஆடையின் பையில் இருந்தபோதே நேர்ந்தவை. சியாட்டில் நகர மருத்துவர்கள் 2015 அக்டோபர் முதல் 2016 ஜூன் வரை தாம் மருத்துவம் செய்த 15 பேரைப் பற்றி எழுதிய குறிப்பில், தீக்காயங்களோடு, மின்கலத்திலிருந்து கசிந்த காரப் பொருளால் உண்டான வேதிப் புண்களும், வெடிவிசையால் பற்களும் முகமும் சிதைந்த காயங்களும் இடம்பெற்றிருந்தன.

இத்தனை காயங்களுக்கிடையிலும் விதி பிந்தியதற்குக் காரணம் சட்டப் பகுப்பில் இருந்தது. 2010 டிசம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், நோய் தீர்க்கும் பொருளாக விற்கப்படாத மின்சிகரெட்டை மருந்துக் கருவியாகக் கொள்ளாமல், 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் புகையிலைப் பொருளாகவே உணவு மருந்து நிர்வாகம் ஆளலாம் எனத் தீர்ப்பளித்தது. மின்விசிறி முதல் பொம்மை வரை வீட்டுப் பொருள்களைக் கண்காணிக்கும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மூலச் சட்டமோ புகையிலைப் பொருள்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருந்தது. ஆகவே மின்பொருள்களில் தேர்ந்த துறைக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் பெற்ற துறையோ தன் ஆட்சியை விரிவாக்கும் விதியை 2016 ஆகஸ்ட் 8 அன்றுதான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்விதியின்படி, அந்நாளில் சந்தையில் இருந்த கருவியில் எந்த மாற்றம் செய்தாலும் அது புதிய பொருளாகி முன் அனுமதி வேண்டும் என்றானதால், குறையுள்ள மின்கல அமைப்பைத் திருத்த விரும்பிய உற்பத்தியாளருக்கும் வழி அடைபட்டது. மின்சுற்று, மின்கலம், மின்னேற்றம் ஆகியவற்றைச் சோதிக்கும் யூஎல் 8139 என்னும் தன்விருப்பத் தரநிலை அதற்குப் பின்னரே உருப்பெற்றது. அதற்கு இணங்கச் செய்யும் திருத்தங்களுக்கு இடமளிக்கும் வழிகாட்டுதல் 2019இன் இறுதியில்தான் வந்தது. நுகர்பொருள் ஆணையம் தன் பங்குக்கு, மின்கலப் பொதிகளின் உட்பாகமாகத் தயாராகும் 18650 மின்கலங்களைத் தனியே வாங்கிப் பயன்படுத்த வேண்டாமென 2021இல் எச்சரித்தது.

பொருளின் பெயரைப் பொருட்படுத்தாது அதன் உள்ளடக்கத்தை நோக்கிய துறை ஒன்று மட்டும் விரைந்து இயங்கியது. சரக்கறையில் வைத்த பெட்டி தீப்பற்றினால் வானில் அதனை அணைப்பது அரிது என்பதால், பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு 2015 ஜூனில் மின்சிகரெட்டைப் பயணியின் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்லலாம் என விதித்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் அவ்வாண்டு இறுதிக்குள் அதனைப் பின்பற்றியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இயற்றிய நெறியாணையும் நிகோட்டின் செறிவு, நீர்மக் குப்பியின் அளவு ஆகியவற்றிலேயே கருத்தைச் செலுத்தியது. தமிழ்நாடு 2018இலும், இந்திய ஒன்றியம் 2019இலும் விற்பனையையே தடைசெய்தன; அத்தடைகளுக்கும் மூலகாரணம் நிகோட்டினே. இதனிடையே ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகள் பெருகியபோது, கழற்ற இயலாத லித்தியம் மின்கலங்கள் குப்பையில் கலந்து, நசுக்கும் இயந்திரம் பொருத்திய குப்பை வண்டிகளிலும் பிரிப்பு நிலையங்களிலும் தீ மூண்டது. குவியும் கழிவும் இளையோரிடம் பரவும் பழக்கமும் சேர்ந்து, ஐக்கிய இராச்சியம் அவற்றின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்யக் காரணமாயின. புகைப்பவரின் நலத்தை மட்டும் அளந்த விதிகள், ஒருநாளும் அக்கருவியை வாயில் வைத்திராத துப்புரவுப் பணியாளரின் பாதுகாப்பையும் அளக்கத் தொடங்குவதற்கு, பயனரின் சட்டைப் பையில் தொடங்கிய தீ அப்பணியாளர் ஓட்டும் வண்டி வரை வந்து சேர வேண்டியிருந்தது.