பைலட்டுக்கும் பீஸ் ரேட்டு தான்!

போன தடவை ஆம்பூர் போனப்ப பெரியம்மா திண்ணையில உட்கார்ந்து ஷூ அப்பர் தைச்சுக்கிட்டிருந்தாங்க. ஏஜென்ட் வீட்டுக்கே கொண்டு வந்து தர்ற வேலை. ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. ஆர்டர் வரலைன்னா காசும் வராது. மேல ஒரு விமானம் போச்சு. "இத ஓட்றவருக்கு லட்சக்கணக்குல சம்பளமாமே கண்ணு?"ன்னு கேட்டாங்க. "ஆமா, ஆனா அவருக்கும் பீஸ் ரேட்டு தான்"னேன். நம்பலை. உங்களுக்காவது விளக்கமா சொல்லிடறேன் :-)

விமானி சம்பளத்துல ஒரு பகுதி மாசா மாசம் நிரந்தரமா வரும். இன்னொரு பெரிய பகுதி, பறக்கிற நேரத்துக்கு ஏத்த அலவன்ஸ். பொதுவா விமானம் கிளம்ப நகர ஆரம்பிச்சதிலிருந்து, இறங்கி வந்து நிற்கிற வரைக்கும் கணக்கு. ஏர்போர்ட்ல காத்துக் கிடக்கிறதெல்லாம் இதுல சேராது. வருஷத்துக்கு 1000 மணி நேரத்துக்கு மேல பறக்கவும் டிஜிசிஏ விடாது. ஆக, உச்சவரம்பு இருக்கு. குறைந்தபட்சம் எவ்வளவு? அங்க தான் சண்டையே.

2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒண்ணாக்கினாங்க. கம்பெனி ஒண்ணாச்சு, சம்பளக் கணக்கு ஆகலை. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு பறந்த மணிக்கு மட்டும் தான் அலவன்ஸ். விமானம் சும்மா நின்னா சம்பளமும் குறையும். நாம பெஞ்சுல உட்கார்ந்து மெயில் ஃபார்வர்ட் பண்ணினாலும் முதல் தேதி சம்பளம் வந்துடுது, யோசிச்சுப் பாருங்க!

2011 ஏப்ரல் கடைசியில நூத்துக்கணக்கான விமானிகள் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. பறந்தாலும் பறக்காட்டியும் மாசம் 75 மணி நேரத்துக்கான அலவன்ஸ், ஏர் இந்தியாக்காரங்களுக்கு சமமான சம்பளம், இது தான் முக்கியமான கோரிக்கை. நிர்வாகம் அவங்க சங்கத்தோட அங்கீகாரத்தையே ரத்து பண்ணிச்சு. டெல்லி உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொல்லியும் கேட்கலை. பத்து நாள் கழிச்சு, மே 6-ம் தேதி தான் முடிவுக்கு வந்தது. 'லட்சத்துல வாங்கறவனுக்கு என்னய்யா ஸ்டிரைக்?'னு அப்ப நானும் தான் கேட்டேன்.

அப்புறம் ஏர் இந்தியாவில மாசம் 70 மணி நேரம்னு ஒரு உத்தரவாதம் இருந்தது. 2020-ல் கொரோனா வந்ததும் அது 20 ஆச்சு. டாடா கைக்குப் போன பிறகு, 2023-ல் புது ஒப்பந்தத்துல 40 மணி நேரம்னு சொன்னாங்க. விமானிகள் சங்கங்கள் மறுபடியும் எதிர்ப்பு தெரிவிச்சாங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப பெரியம்மாகிட்ட இந்த 75 மணி நேரக் கதையைச் சொல்லணும். "எங்களுக்கும் மாசம் இத்தனை ஜோடின்னு எழுதித் தருவாங்களான்னு கேளு"ன்னு தான் சொல்வாங்க.