நூற்று அறுபத்தொன்பதாவது கால்

ரிட்சி தெருவில் சில்லின் பின்னை ‘பின்’ என்று சொல்பவர்கள் குறைவு. கால்தான். “ரெண்டு கால் வளைஞ்சிருக்கு, பாத்து செருகுங்க” என்பார்கள். இன்டெல் 486-க்கு 168 கால்கள். என் பெட்டியில் இருக்கும் ஒரு சில்லுக்கு மட்டும் 169. எண்ணிப் பார்க்காவிட்டால் வித்தியாசமே தெரியாது.

அதன் பெயர் 487எஸ்எக்ஸ். வருடம் 1991. கதை அதற்கு இரண்டு வருடம் முன்பே தொடங்குகிறது. 1989-ல் வந்த 486-க்குள் சுமார் 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள். அதுவரை தனிச் சில்லாக விற்ற தசமக் கணக்குப் பகுதியும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. விலை அதிகம். எனவே 1991-ல் 486எஸ்எக்ஸ் என்று ஒன்றை மலிவாக விட்டார்கள். ஆரம்பகால எஸ்எக்ஸில் அந்தக் கணக்குப் பகுதி உள்ளேயேதான் இருந்தது, ஆனால் வேலை செய்யாதபடி முடக்கிவைத்திருந்தார்கள். கணக்கு வேண்டுமென்றால் மதர்போர்டில் பக்கத்திலேயே காலியாக ஒரு சாக்கெட், அதில் 487எஸ்எக்ஸ் வாங்கிச் செருக வேண்டும். துணைச் சில்லு என்றுதான் விற்றார்கள். உள்ளே இருந்ததோ ஒரு முழு 486. அதைச் செருகியதும் பழைய சில்லு வாயை மூடிக்கொள்ளும். எல்லா வேலையையும் புதியதே பார்க்கும். கூடுதல் கால் இருப்பதால் சாதாரண 168 குழி சாக்கெட்டில் அது இறங்காது.

ஒரு அறையைப் பூட்டிவிட்டு வீட்டை மலிவாக விற்கிறார்கள். அறை வேண்டும் என்று கேட்டால் சாவி தரமாட்டார்கள், பக்கத்து மனையில் இன்னொரு முழு வீட்டைத் தருவார்கள். நீங்கள் அங்கே குடிபோனதும் பழைய வீட்டை இழுத்து மூடிவிட வேண்டும். இதைப் படித்து நான் ரொம்பக் கோபப்படவில்லை. நான் சம்பளம் வாங்குவதும் லைசென்ஸ் சாவி போட்டால் திறக்கும் வசதிகளை எழுதித்தான்.

மேம்படுத்தும் சில்லுகள் எல்லாமே இப்படி இல்லை. 1984-ல் ஜப்பானின் என்.இ.சி வெளியிட்ட வி20 நேர்மையான சரக்கு. ஐபிஎம் பிசியில் இருந்த 40 கால் 8088-ஐப் பிடுங்கிவிட்டு அதே குழியில் இதை வைத்தால் போதும், மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடும். இன்டெல் சும்மா விடவில்லை. சில்லுக்குள் இருக்கும் மைக்ரோகோடைத் திருடிவிட்டார்கள் என்று வழக்கு நடந்தது. 1989-ல் தீர்ப்பு: மைக்ரோகோடுக்கும் பதிப்புரிமை உண்டு, ஆனால் என்.இ.சி அதை மீறவில்லை. சாஃப்ட்வேர் எழுதும் எவருக்கும் முக்கியமான தீர்ப்பு. கல்லூரியில் எங்களுக்கு ஒருத்தரும் இதைச் சொல்லித்தரவில்லை.

என்னிடம் 31 சில்லுகள் இருக்கின்றன. சேர்ப்பது சுலபம், பட்டியல் போடுவதுதான் கஷ்டம். ‘ஓடிபி’ என்று முடிந்தால் 169 குழி சாக்கெட்டுக்கான ஓவர்டிரைவ். ‘ஓடிபிஆர்’ என்றால் பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வைப்பது, 168 கால். ஒரு ‘ஆர்’தான் வித்தியாசம். மேலே 89, 92 என்று வருடங்கள் போட்டிருக்கும். பார்த்ததும் அதுதான் செய்த வருடம் என்று தோன்றும். இல்லை, அவை பதிப்புரிமை வருடங்கள். செய்த தேதி தொகுதி எண்ணுக்குள் இருக்கிறது: முதல் எழுத்து தொழிற்சாலை, அடுத்த இலக்கம் வருடம், அடுத்த இரண்டும் வாரம். வருடத்துக்கு ஒற்றை இலக்கம்தான். ‘3’ என்றால் 1983-ஆ, 1993-ஆ? ஓவர்டிரைவ் 1992-ல்தான் வந்தது, ஆகவே 93. கல்வெட்டு படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், இது அவர்களுடைய வேலையேதான். மெய்க்கீர்த்தியில் அரசன் உலகத்தையே வென்றிருப்பான். எந்த ஊர், எத்தனை மா நிலம், யார் சாட்சி என்பதெல்லாம் கீழே பொடி எழுத்தில் வரும். சில்லிலும் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். போதாக்குறைக்கு, தொண்ணூறுகளில் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதிக வேகம் போட்டு விற்ற போலிகளும் உண்டு. அதனால் ஒவ்வொன்றையும் திருப்பி அடிப்பக்கத்தையும் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்னையில் இவை அரிது. ரிட்சி தெருவில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் காரணத்தை ஒரே வரியில் சொன்னார்: “ஓவர்டிரைவ் வாங்குற காசுக்கு போர்டையே மாத்திடலாம் தம்பி.” உண்மைதான். 1995-ல் வந்த பென்டியம் ஓவர்டிரைவைப் பாருங்கள். 486 போர்டில் பென்டியத்தை உட்கார வைக்க வேண்டும், அதற்காகத் தலையில் மின்விசிறி, மின்னழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர், எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலம். விசிறி நின்றுபோனால் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பொறியியலாகப் பார்த்தால் அழகு. ஆனால் சில வேலைகளில் அதைவிட மலிவான 486 டிஎக்ஸ்4-ஏ அதே வேகத்தைத் தந்தது. பென்டியம் என்றதும் நம் பத்திரிகைகளுக்கு வினோத் தாம் நினைவுக்கு வருவார். எனக்கு இந்த விசிறிதான்.

இந்தப் பெட்டி இப்போது வெள்ளிமலையில், எங்கள் வீட்டில் இருக்கிறது. கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்தது 1976-ல். தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் லேபில் தட்டித் தட்டிப் பழகிய 8085 வந்ததும் அதே வருடம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, எனக்குச் சொல்லப் பிடிக்கும், அவ்வளவுதான். மலை ஈரத்தைவிட எனக்குப் பயம் கறுப்பு நுரையைக் கண்டுதான். கால்கள் வளையாமலிருக்க அதில் குத்திவைப்பார்கள். வருடங்கள் போனால் நுரை பிசுபிசுத்துக் காலையே அரித்துவிடும்.

மாமா ஒருநாள் ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எவ்ளோ தங்கம் தேறும் மாப்ள?”

“ஒரு குண்டுமணி கூட தேறாது மாமா.”

“அப்புறம் எதுக்கு ஆசிட்ல போட்டு எடுக்குறானுங்க?”

நல்ல கேள்வி. ஒன்றில் தேறாது, மூட்டையில் தேறும். சீரமிக் உடம்பு, தங்க முலாம் பூசிய கால், சிலவற்றில் மூடியும் தங்க முலாம். பழைய சில்லுகள் எடைக்குப் போகின்றன. டெல்லி சீலம்பூர் மாதிரி இடங்களில் உடைத்து, எரித்து, அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். புகையும் இராஜ திராவகமும் போவது அங்கே வேலை செய்கிறவர்களின் நுரையீரலுக்குள். மின்கழிவு விதிகள் 2011-லிருந்து இருக்கின்றன. அந்த வேலையைச் செய்கிறவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு அது அன்றைய கூலி. ஆனால் அமிலத்தில் போனது 487-ஆ, சாதாரண 486-ஆ என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அந்த 169-வது கால் இருந்ததற்கான சாட்சியும் உருகிய மணியோடு போய்விடும். எடை போடும் முன் மூட்டையை ஒருமுறை கொட்டிப் பார்க்க விடுங்கள் என்று ஒரு பழைய இரும்புக் கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கிலோவுக்குக் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன் என்றதும் சரி என்றார்.

அந்த மூட்டையில் நான் தேடுவது ஒன்றே ஒன்று. 1992-ல் இன்டெல் 386 மெஷின்களுக்காக ராபிட்கேட் என்று ஒரு ஜோடி விற்றது. முதல் சில்லு, கேஷ் நீக்கிய 486, 386-ன் இடத்தில் உட்காரும். இரண்டாவது, 387-ன் குழியில் உட்கார்ந்துகொண்டு பிழைச் சமிக்ஞை ஒன்றை மட்டும் கொடுக்கும், வேறு வேலை கிடையாது. அதனாலேயே ஜோடி பிரிந்தால் இரண்டாவதை யாரும் எடுத்துவைப்பதில்லை. என் பட்டியலில் 14-வது வரி: ராபிட்கேட்-1, இருக்கிறது, கால்கள் நேராக. 15-வது வரியில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன்.