நுங்கம்பாக்கத்து எண்ணும் ஒரகடத்து மழையும்

"சென்னையில் இத்தனை சென்டிமீட்டர் மழை" என்று செய்தியில் வருவது பெரும்பாலும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ஆகிய இரண்டு இடத்துக் கணக்குதான். ஒரகடத்துல ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிறவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, இருநூறு வருஷக் கதை ஒண்ணு கிடைக்குது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டியது. முக்கிய வேலை, நட்சத்திரம் பார்த்து நேரமும் தீர்க்கரேகையும் கணக்கிடுவது. அங்கிருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1796-லிருந்து வானிலையையும் குறித்து வைத்தார். மழைக் கணக்கு 1813-லிருந்து இருக்கிறது. 1846 அக்டோபர் 21-ல் ஒரே நாளில் 52 செ.மீ. பெய்தது நமக்குத் தெரிவது அதனால்தான். இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததே அதற்குப் பிறகு, 1875-ல்.

அதே காலத்தில், 1802-ல், லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து வியாபாரி மேகங்களுக்குப் பெயர் வைத்தார். திரளாக எழுவது குமுலஸ், படுக்கையாகப் பரவுவது ஸ்ட்ராடஸ், உயரத்தில் இழையாக ஓடுவது சிர்ரஸ், மழை தருவது நிம்பஸ். தமிழ் வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. கொண்டல் என்றால் மேகம், கீழைக்காற்றும் கொண்டல்தான். நம்ம பக்கத்துல பெருமழை எந்தத் திசையிலிருந்து வரும்னு அந்த ஒரு சொல்லே சொல்லிடுது.

மேகம் எப்படி மழையாகிறது? ஒரு மேகத்துளியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். அதனால் கீழே விழாமல் மிதக்கும். ஒரு நல்ல மழைத்துளி சேர, அப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் வேண்டும். துளிகள் மோதி ஒட்டிக்கொள்வது ஒரு வழி. உயரத்தில் பனிப்படிகமாக வளர்ந்து, இறங்கும்போது உருகுவது இன்னொரு வழி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடப்பதைப் பாருங்க. பகல் முழுக்க நிலம் காயும். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே நுழைந்து மேற்குக் காற்றோடு முட்டும். முட்டிய இடத்தில் காற்று மேலெழும்பி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயர இடிமேகமாகும். சுங்குவார்சத்திரத்தில் கொட்டும், பத்து கிலோமீட்டர் தள்ளி ரோடு காய்ஞ்சு கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு நிலைமை வேறு. வங்கக்கடலிலிருந்து ஈரக்காற்று பட்டை பட்டையாக வரும். இடி குறைவு, ஆனால் மேகத்துக்குப் பின்னால் மேகம் ரயில் பெட்டி மாதிரி அதே இடத்தைக் கடக்கும்.

2015-ல் நடந்தது இதுதான். அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 104.9 செ.மீ. பெய்தது. 1918 நவம்பருக்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் இல்லை. ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அதற்கு மேல் டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை 8.30 மணிக்கு எடுத்த 24 மணி நேரக் கணக்கில் நுங்கம்பாக்கம் 29 செ.மீ., செம்பரம்பாக்கம் 47, தாம்பரம் 49. ஒரே மழை, ஒரே நாள், இருபது செ.மீ. வித்தியாசம்!

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது? ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். 47 செ.மீ. என்றால் 47 கோடி லிட்டர். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 10,300 கோடி லிட்டர். 220 சதுர கிலோமீட்டரில் அந்த மழை பெய்து அத்தனையும் ஓடிவந்தால், காலியாக இருக்கும் ஏரியே ஒரே நாளில் நிரம்பிவிடும். அன்று ஏரி காலியாகவும் இல்லை. வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட வேண்டியதாயிற்று.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஆதனூர், மணிமங்கலம், படப்பை பக்கத்து ஏரிகளின் உபரி நேராக அடையாற்றில் சேருகிறது. செம்பரம்பாக்கத்து உபரி அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. ஆக, அங்கே வீடுகளில் புகுந்த தண்ணீர் செம்பரம்பாக்கத்திலிருந்து வந்ததல்ல. இந்தப் பக்கத்து ஊர்களில் பெய்த மழை அது. மதகை மட்டும் குறை சொன்னால் பாதி வெள்ளத்துக்குப் பதில் கிடைக்காது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் ஒரகடத்தில் ரெனோ நிசானும் அப்போது உற்பத்தியை நிறுத்தின.

சென்னையில் 2002-லிருந்து டாப்ளர் ரேடார் இருக்கிறது. மேகத்துக்குள் துளிகள் எங்கே அடர்ந்திருக்கின்றன, எந்தப் பக்கம் நகர்கின்றன என்று காட்டும். தரையில் விழுந்ததை அளக்க இன்னும் மழைமானிதான் வேண்டும், அதுவும் பக்கத்திலேயே வேண்டும். அதனால ஒரகடம் பக்கம் இருக்கறவங்க வடகிழக்குப் பருவத்துல நுங்கம்பாக்கத்து எண்ணோட நிறுத்திக்காதீங்க. செம்பரம்பாக்கம், தாம்பரம் அளவையும் பாருங்க. அதைவிட முக்கியம், உங்க ஊர் ஏரி கலங்கல் ஓடுதான்னு கேளுங்க. கலங்கல் ஓடுற ஏரியில் அடுத்த மழைக்கு இடமில்லை.